கடலை வேர்முடிச்சு பாக்டீரியாவை இனம் காண்பது எப்படி

ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் முடிச்சைப் பார்த்ததுமே நோட்டில் 'ரைசோபியம்' (முடிச்சு போடும் பாக்டீரியாவின் ஒரு பேரினம்) என்று எழுதிவிடுகிறார்கள். பொறுங்கள். நிலக்கடலை வேரில் இருப்பது பெரும்பாலும் பிராடிரைசோபியம், மெதுவாக வளர்வது. 1982இல் அதைத் தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். பெயர் வைப்பது கடைசி வேலை.

திண்டிவனம் பக்கம் சித்தப்பா கொல்லையில், விதைத்து 45 நாள் ஆகிப் பூத்து நிற்கும் செடியைத்தான் நான் எடுப்பேன். பிடுங்காதீர்கள், பாதி முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு சாண் தள்ளி மண்வெட்டி போட்டு, மண்கட்டியோடு தூக்கி வாளித் தண்ணீரில் ஊற விடுங்கள். கடலையில் முடிச்சு கடுகு மாதிரி உருண்டையாக, பக்கவேர் கிளைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் இருக்கிறது, காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் வேலை நடக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்தச் செடி வேண்டாம்.

கீறாத முடிச்சை இருபுறமும் கொஞ்சம் வேரோடு நறுக்கி, ஆல்கஹாலில் அரை நிமிடம், சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 3 நிமிடம் வையுங்கள். பிறகு கிருமிநீக்கிய நீரில் ஆறு முறை அலசுங்கள். கடைசியாக அலசிய நீரையும் ஒரு வளர்ப்பு ஊடகத் தட்டில் பூசி வையுங்கள்; அதில் எதுவும் வளரக் கூடாது. இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஒரு வருடம் அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். இரண்டே நாளில் தட்டு நிறையக் காலனிகள், எல்லாம் ஊடகத்தில் கலந்த காங்கோ சிவப்புச் சாயத்தை உறிஞ்சிச் செக்கச்செவேல் என்று. முடிச்சு பாக்டீரியா அதை அவ்வளவாக உறிஞ்சாது. செடியில் ஏற்றிப் பார்த்தோம், ஒரு முடிச்சுகூட வரவில்லை. தோல்மேல் ஒட்டியிருந்த வேறு எதையோ இரண்டு மாதம் வளர்த்திருக்கிறோம்.

முடிச்சை நசுக்கி, காங்கோ சிவப்பு கலந்த ஈஸ்ட் சாறு மேனிட்டால் அகாரில் (வளர்ப்பு ஊடகம்) கோடிழுத்து, 28 டிகிரியில் இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் நல்ல காலனியும் சிவந்து ஏமாற்றும். 3 நாளில் பெரிதாக, வழவழவென்று வந்தால் வேக இனம். ஒரு வாரம் காத்தும் குண்டூசித் தலையளவே என்றால் பிராடிரைசோபியமாக இருக்கலாம். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் புரோமோதைமால் நீலம் கலந்த தட்டில் வேக இனம் அமிலம் விட்டு மஞ்சளாக்கும், மெதுவானது காரம் விட்டு நீலமாக்கும்.

அடுத்தது செடிச் சோதனை. கிருமிநீக்கிய மணல், தழைச்சத்து இல்லாத ஊட்டக் கரைசல், சுத்தம் செய்த கடலை விதை. பாக்டீரியா ஏற்றாத சட்டிகளையும் கூடவே வையுங்கள். அவற்றில் முடிச்சு வந்தால் மொத்தச் சோதனையையும் தூக்கிப் போடுங்கள்.

பிறகுதான் மரபணு. 16எஸ் என்ற, எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள மரபணுவின் வரிசை பேரினத்தைச் சொல்லும். பிராடிரைசோபியத்தில் சிற்றினங்களுக்கிடையே அது அதிகம் மாறுவதில்லை, அதனால் ரெக்-ஏ, ஜைர்-பி போன்ற மரபணுக்களையும் படியுங்கள். முடிச்சு போடும் நாட்-சி மரபணுவைத் தனியே குறியுங்கள், அதை வைத்து இனம் பிரிக்காதீர்கள். நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற தீவனப் பயறுச்செடி பயிரிட்ட நிலத்தில், ஏற்றிய மீசோரைசோபியம் என்ற முடிச்சு பாக்டீரியாவின் ஏறத்தாழ 500 கிலோபேஸ் (5 லட்சம் டிஎன்ஏ எழுத்து) நீள மரபணுத் தொகுதி, மண்ணிலிருந்த வேறு பாக்டீரியாக்களுக்குத் தாவியதை 1995இல் காட்டினார்கள். முடிச்சு போடும் திறமை அப்படிக் கைமாறும்.

இத்தனைக்கும் பிறகும் சிற்றினம் தெளிவாகவில்லை என்றால், 'பிராடிரைசோபியம்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஊர், கடலை ரகம், தோண்டிய தேதி, தட்டு எண் போடுங்கள்.