கான்ஃபரன்ஸ் தாவல் வதந்தியை எடைபோடுவது எப்படி? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஆரம்பப் பாடம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களை ஆட்ட விதிகளைவிட கான்ஃபரன்ஸ் கணக்குதான் அதிகம் குழப்பும். பிக் டென்னில் 18 பல்கலைக்கழகங்கள். பிக் 12-இல் 16. அட்லாண்டிக் கரையைப் பெயரில் வைத்திருக்கும் ஏசிசியில் (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) பசிபிக் கரையோர ஸ்டான்ஃபர்ட் ஆடுகிறது. பெயரைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. தூரத்தைப் பார்த்தும் முடியாது.

தங்கள் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை ஒன்றாகச் சேர்த்து விற்று, வரும் பணத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டுதான் கான்ஃபரன்ஸ். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது, ஜெயித்தால் மேலே ஏறுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது. மேலே போக ஒரே வழி வேறொரு கூட்டில் சேர்வது. அதனால்தான் ‘அடுத்து யார், எங்கே?’ என்ற பேச்சு ஓய்வதே இல்லை. பேசுகிறவர்களில் பலர் வரைபடத்தையும் பழைய பகையையும் வைத்துக் கணிக்கிறார்கள். ஒப்பந்தங்களை வைத்துக் கணித்தால் பெரும்பாலான வதந்திகள் ஆரம்பத்திலேயே அடிபட்டுவிடும்.

தேவையானது ஒரு எக்ஸெல் தாள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வரிசை. டிவி ஒப்பந்தம் முடியும் ஆண்டு, வெளியேறும் கட்டணம், புதிய இடத்தில் கிடைக்கும் பங்கு, தேவையான வாக்குகள் என்று நான்கு பத்திகள். அமெரிக்கச் செய்திகள் தொகைகளை மில்லியனில் சொல்லும். பத்து மில்லியன் ஒரு கோடி. இங்கே எல்லாம் கோடி டாலரில்.

படி 1: ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

முதல் பத்தியை நிரப்புங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பவை டிவி நிறுவனங்கள். பிக் டென் (ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி) 2029-30 வரை. பிக் 12 (ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ்) 2030-31 வரை. எஸ்இசி எனும் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் (ஈஎஸ்பிஎன்) 2033-34 வரை. ஏசிசி (ஈஎஸ்பிஎன்) 2036 வரை. நோட்டர் டேம் ஃபுட்பாலில் எந்தக் கூட்டிலும் இல்லை. என்பிசியுடன் 2029 வரை தனி ஒப்பந்தம். மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் அது ஏசிசி உறுப்பினர். 2036-க்குள் ஃபுட்பாலுக்கு ஒரு கூட்டில் சேர்வதென்றால் ஏசிசியில்தான் சேர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நோட்டர் டேம் பற்றி ஆண்டுதோறும் கிளம்பும் வதந்தியைப் படிக்கும்போது இந்த ஒரு வரி போதும்.

அணிகள் இடம் மாறுவது பெரும்பாலும் ஒப்பந்தம் முடியும் நேரத்தை ஒட்டித்தான். லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏயும் பிக் டென்னுக்குப் போகிறோம் என்று 2022 ஜூன் 30 அன்று அறிவித்தன. போனது 2024 ஆகஸ்டில். அவை அதுவரை இருந்த பேக்-12 கூட்டின் டிவி ஒப்பந்தம் முடிந்ததும் அதே 2024 கோடையில்தான். காத்திருந்து போனதால் வெளியேறும் கட்டணம் என்ற பேச்சே எழவில்லை.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு பழைய கட்டுரைகளை நம்புவது. ஏசிசி ஒப்பந்தத்தை 2027-க்கு மேல் நீட்டிப்பது ஈஎஸ்பிஎன்னின் விருப்பத்தில் இருந்தது. 2025 ஜனவரியில் அவர்கள் நீட்டித்துவிட்டார்கள். அதற்கு முன் எழுதப்பட்டவற்றில் ‘2027-இல் ஏசிசி உடையும்’ என்று இருந்தால் கடந்து போய்விடுங்கள்.

படி 2: இரண்டு பூட்டுகள்

வெளியேறும் கட்டணம் முதல் பூட்டு. ‘கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்’ இரண்டாவது. இதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம், தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுவரை கூட்டிடம் ஒப்படைத்துவிடுகிறது. அது வெளியேறினாலும் உரிமை பழைய கூட்டிடமே இருக்கும். டிவிக்கு விற்க எதுவுமில்லாமல் வரும் அணியை யார் சேர்ப்பார்கள்?

கட்டணம் மட்டும் இருந்தால் பேரம் பேசிக் குறைத்துவிடலாம். 2012 நவம்பரில் மேரிலாந்து ஏசிசியை விட்டு பிக் டென்னுக்குப் போக முடிவெடுத்தபோது ஏசிசி கேட்டது சுமார் 5.2 கோடி டாலர். 2014-இல் 3.14 கோடியில் சமரசம் ஆனது. அந்த அதிர்ச்சியில்தான் 2013 ஏப்ரலில் ஏசிசி இரண்டாவது பூட்டையும் போட்டது. இரண்டாவது பூட்டின் விலை என்ன என்பதற்கு டெக்சாஸும் ஓக்லஹோமாவும் சாட்சி. பிக் 12-இல் அவற்றின் உரிமை ஒப்படைப்பு 2025 வரை இருந்தது. ஓராண்டு முன்னதாக, 2024-இல் எஸ்இசிக்குப் போக இரண்டும் சேர்ந்து விட்டுக்கொடுத்த தொகை 10 கோடி டாலர்.

கட்டணம் எப்போதும் குறையும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் அப்போதைய விதி 1 கோடி டாலரும் 27 மாத முன்னறிவிப்பும். சின்சினாட்டி, ஹூஸ்டன், யுசிஎஃப் மூன்றும் அதற்குமுன் கிளம்பியதால் ஆளுக்கு 1.8 கோடி கொடுத்தன; எஸ்எம்யு 2.5 கோடி. ஆகவே கட்டணப் பத்திக்குப் பக்கத்திலேயே முன்னறிவிப்புக் காலத்தையும் எழுதுங்கள்.

ஏசிசியில் இப்போது நிலைமை வேறு. ஃபுளோரிடா ஸ்டேட் (2023 டிசம்பர்), கிளெம்சன் (2024 மார்ச்) தொடர்ந்த வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தன. அதன்படி கட்டணத்தைச் செலுத்தி வெளியேறும் பல்கலைக்கழகம் தன் ஒளிபரப்பு உரிமையையும் எடுத்துக்கொண்டு போகலாம். கட்டணமும் ஆண்டுதோறும் இறங்குகிறது: 2025-26-இல் 16.5 கோடி, அடுத்தடுத்து 14.7, 12.9, 11.1, 9.3, 2030-31-இல் 7.5 கோடி. இந்த ஆறு எண்களையும் தாளில் தனியாக எழுதி வையுங்கள். படி 4-இல் வேண்டியிருக்கும்.

படி 3: புதிய அணிக்குப் பணம் யார் தருவது?

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு கூட்டில் 16 பேர் இருக்கும்போது 17-ஆவது ஆள் வந்தால், டிவி நிறுவனம் தொகையை உயர்த்த வேண்டும். இல்லையென்றால் இருக்கிற 16 பேரின் பங்கும் குறையும். தன் பங்கைக் குறைத்துக்கொண்டு விருந்தாளியை அழைக்க யாரும் வாக்களிப்பதில்லை.

சில ஒப்பந்தங்களில் ‘புரோ ராட்டா’ பிரிவு இருக்கும்: சேரும் அணிக்கும் ஒரு முழுப் பங்கை டிவி நிறுவனமே தரும். 2023 செப்டம்பரில் ஏசிசி ஸ்டான்ஃபர்ட், பெர்க்லி கலிஃபோர்னியா, எஸ்எம்யு மூன்றையும் சேர்த்ததன் சூட்சுமம் அதுதான். மூன்று பேருக்குமாக ஈஎஸ்பிஎன் கூடுதலாகத் தர வேண்டியது ஆண்டுக்குச் சுமார் 7.2 கோடி. எஸ்எம்யு ஒன்பது ஆண்டுகளுக்கு டிவி பங்கே வேண்டாம் என்றது. மற்ற இரண்டும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு 30 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டன. மீதிப் பணத்தின் பெரும்பகுதி பழைய உறுப்பினர்களுக்குப் போனது. அமெரிக்காவின் குறுக்கே பறந்து வாலிபால் ஆட வேண்டியிருப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட பிரிவு கைகொடுக்காத இடத்தில் புதியவர் அரைப்பங்கோடுதான் நுழைய முடியும். ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் முதல் ஆண்டு பெற்றது சுமார் 3 கோடி. பிறகு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஏற்றம். 2024-25 முதல் 2029-30 வரை கூட்டினால் ஆறு ஆண்டுக்கு 19.5 கோடி. ‘பிக் டென் உறுப்பினருக்கு இவ்வளவு கிடைக்கிறது’ என்று தலைப்புச் செய்தியில் வரும் தொகையைப் புதியவரின் வரிசையில் அப்படியே எழுதினால் கணக்கு முழுதும் தப்பிப்போகும்.

ஒரு ஊரின் மக்கள்தொகையை வைத்து மதிப்பிடுவதும் பழைய பழக்கம். ரட்கர்ஸும் மேரிலாந்தும் பிக் டென்னுக்கு வந்த காலத்தில், நியூயார்க், வாஷிங்டன் வட்டாரங்களின் கேபிள் இணைப்புகள் பிக் டென் நெட்வொர்க் என்ற அந்தக் கூட்டின் சேனலுக்கு நேரடி வருமானம். வீடுகள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கிய பின் எத்தனை பேர் உண்மையில் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. ஏசிசியின் 2025 சமரசமும் டிவி பணத்தில் 60 சதவீதத்தைப் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்தே பிரிக்கிறது.

படி 4: இப்போதா, காத்திருப்பதா?

ஏசிசிக் கட்டண வரிசையைத் திரும்பப் பாருங்கள். ஆண்டுக்கு 1.8 கோடி குறைகிறது. ஓராண்டு பொறுத்தால் 1.8 கோடி மிச்சம். எனவே புதிய கூட்டில் கிடைக்கும் நிகர லாபம் ஆண்டுக்கு 1.8 கோடியைவிடக் குறைவென்றால் காத்திருப்பதே புத்திசாலித்தனம். அதிகமென்றால் முன்னதாகப் போகலாம்.

நிகர லாபத்தை இப்படிப் போடுங்கள்: புதிய பங்கு, கழித்தல் பழைய பங்கு, கழித்தல் கூடுதல் பயணச் செலவு, கழித்தல் அரசியல் செலவு. கடைசி இரண்டையும் மறக்கக் கூடாது. யுசிஎல்ஏ போனதால் பெர்க்லிக்கு நேர்ந்த நஷ்டத்துக்காக, யுசிஎல்ஏ அதற்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் தர வேண்டும் என்று இரண்டையும் நிர்வகிக்கும் ரீஜென்ட்கள் (ஆட்சிக்குழுவினர்) 2024-இல் முடிவெடுத்தார்கள்.

மாதிரிக்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஏசிசியில் 4.5 கோடி வாங்கும் அணிக்கு வேறிடத்தில் அரைப்பங்காக 5 கோடி தருகிறார்கள் என்று வையுங்கள். பயணத்துக்கு 50 லட்சம் டாலர் கூடினால் லாபம் பூஜ்யம். அதே அணிக்கு முழுப்பங்காக 8 கோடி என்றால் நிகர லாபம் 3 கோடி. உடனே கிளம்பினாலும் தகும். அரைப்பங்கா முழுப்பங்கா என்பதிலேயே விடை தலைகீழாக மாறுவதைக் கவனியுங்கள்.

2030-31-க்குப் பின் கட்டணம் 7.5 கோடியிலேயே நிற்கும். காத்திருப்பதால் மிச்சம் ஒன்றுமில்லை. பிக் டென் ஒப்பந்தம் முடிவது 2029-30, பிக் 12 ஒப்பந்தம் 2030-31. மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. அடுத்த பெரிய அலை எப்போது என்று கேட்டால் நாங்கள் சொல்வது அந்த இரண்டு ஆண்டுகளைத்தான். அதற்கு முந்தைய தேதியைச் சொல்லும் வதந்தி, அந்தக் கூடுதல் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் சொல்ல வேண்டும்.

படி 5: வாக்குகளை எண்ணுங்கள்

2023-இல் ஏசிசியில் புதியவர்களைச் சேர்க்க 15-இல் 12 வாக்குகள் தேவைப்பட்டன. முதலில் நான்கு பேர் எதிர்த்ததால் திட்டம் நின்றது. வட கரோலினா ஸ்டேட் மனம் மாறிய பிறகே நிறைவேறியது. எதிர்ப்பவர் யார் என்று பெயர் சொல்லி எண்ண முடியாத ஊகம் அரைவேக்காடு.

சில நேரம் வாக்கு மாநில அரசின் கையில் இருக்கும். 2003-இல் ஏசிசி விரிவாக்கத்துக்கு ஒன்பதில் ஏழு வாக்குகள் வேண்டியிருந்தது. டியூக்கும் வட கரோலினாவும் எதிர்த்தன. மிஞ்சிய ஏழில் ஒன்று விர்ஜினியா பல்கலைக்கழகம். ஆளுநர் மார்க் வார்னர் அழுத்தம் கொடுக்க, திட்டத்திலேயே இல்லாத விர்ஜினியா டெக் உள்ளே வந்தது. வர வேண்டிய சிரக்யூஸ் வெளியே நின்றது. ஆனால் இதையே விதியாக்கிவிடாதீர்கள். ஆரெகன் போனபோது ஆரெகன் ஸ்டேட்டும், வாஷிங்டன் போனபோது வாஷிங்டன் ஸ்டேட்டும் பேக்-12-இல் தனியாக விடப்பட்டன.

உறுப்பினர் எண்ணிக்கை விதியையும் பாருங்கள். ஃபுட்பாலின் மேல்நிலைக் கூட்டுக்குக் குறைந்தது எட்டு முழு உறுப்பினர்கள் வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. மீண்டும் கட்டப்பட்ட பேக்-12, பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஐந்தையும் பிடித்தபின் ஏழில் நின்றது. கொன்சாகாவும் வந்தது, அதற்கு ஃபுட்பால் அணி கிடையாது, எட்டில் சேராது. எட்டாவதாக டெக்சாஸ் ஸ்டேட் வந்த நாள் 2025 ஜூன் 30. மறுநாள் அது இருந்த சன் பெல்ட் கூட்டை விட்டு வெளியேறும் கட்டணம் 50 லட்சத்திலிருந்து 1 கோடியாகிவிடும். தேதியைக் கட்டணமே சொல்லிவிட்டது.

படி 6: செய்தியைத் தரம் பிரியுங்கள்

பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் அவசரக் கூட்ட அறிவிப்புக்குத்தான் முதல் மதிப்பு. அரசுப் பல்கலைக்கழகங்கள் கூட்டத்தை முன்கூட்டியே பொதுவில் அறிவிக்க வேண்டும். கொலராடோ ரீஜென்ட்களின் சிறப்புக் கூட்டம் 2023 ஜூலை 27. அன்றே பிக் 12-க்குப் போகும் முடிவு. ஸ்டான்ஃபர்ட், எஸ்எம்யு போன்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே மௌனத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது, பெயர் போட்டு எழுதும் நிருபர், ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பில் உறுதி செய்த செய்தி. டெக்சாஸ், ஓக்லஹோமா விஷயம் 2021 ஜூலை 21 அன்று ஹூஸ்டன் கிரானிக்கிளில் வந்தது. 26-இல் இரண்டும் பிக் 12-இல் உரிமை ஒப்படைப்பைப் புதுப்பிக்க மாட்டோம் என்றன, 27-இல் எஸ்இசிக்கு விண்ணப்பம், 29-இல் ஒருமனதான வாக்கு, 30-இல் ஏற்பு. உண்மையான நகர்வு வெளியே தெரிந்தால் இப்படி மளமளவென்று முடியும். மாதக்கணக்கில் ‘பேச்சு நடக்கிறது’ என்றே இழுத்தால் சந்தேகப்படுங்கள். 2016-இல் பிக் 12 மாதக்கணக்கில் விண்ணப்பதாரர்களை அலசிவிட்டு, அக்டோபர் 17 அன்று யாரையும் சேர்ப்பதில்லை என்று முடித்தது.

தனியார் விமானம் எந்த ஊரில் இறங்கியது என்று தேடுவது பொழுதுபோக்கு, அவ்வளவுதான். பயிற்சியாளர் தேர்வு, நன்கொடையாளர் சந்திப்பு என்று அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். பத்துப் பேர் எழுதிவிட்டார்களே என்று நம்புவதற்கு முன், அந்தப் பத்தும் ஒரே பதிவிலிருந்து கிளைத்தவையா என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். கசியவிட்டவருக்கு என்ன லாபம் என்பதையும் கேளுங்கள். சொந்தக் கூட்டில் அதிகப் பங்கு கேட்பவர், வேறிடம் தேடுவதாகப் பேச்சுக் கிளப்புவது பழைய உத்தி.

படி 7: கணிப்பை எழுதி வையுங்கள்

தேதி, சதவீத வாய்ப்பு, எது நடந்தால் இந்தக் கணிப்பு பொய் என்பது ஆகிய மூன்றும் ஒரே வரிசையில். உதாரணமாக: ‘இந்த அணி 2031-க்குள் கிளம்பும், 35 சதவீதம், முழுப்பங்கு தர மறுத்தால் 10 சதவீதம்; 2031 வந்தும் பழைய கூட்டிலேயே இருந்தால் கணிப்பு பொய்.’ பிறகு நான்கு பத்திகளில் ஏதாவது ஒன்று மாறும்போது மட்டும் சதவீதத்தைத் திருத்துங்கள். புதுப் பதிவு பார்த்ததற்காகத் திருத்த வேண்டாம்.