சைக்கிளுக்கு நாமே செய்துகொள்ளும் எல்.இ.டி. பின்விளக்கு

முன்விளக்கு அணைந்தால் ஓட்டுபவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். எதிரே பாதை இருண்டுபோகும். பின்விளக்கு அணைந்தாலோ, வீடு வந்து இறங்கும்வரை தெரியாது. பின்னால் வருபவருக்கு நம்மைக் காட்டிக்கொடுக்கும் முக்கியப் பொருள் அதுதான் என்பதால், எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதைவிட, குலுங்கினாலும் நனைந்தாலும் எரிந்துகொண்டே இருக்கிறதா என்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

தேவையான பொருள்கள் குறைவு. 5 மி.மீ. அளவுள்ள, அதிக ஒளிர்வு கொண்ட சிவப்பு எல்.இ.டி. நான்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 150 ஓம் ரெசிஸ்டர் நான்கு, மூன்று ஏஏ செல்களைத் தாங்கும் பெட்டி ஒன்று, ஒரு சிறிய சுவிட்ச், மின்சாரத்தைச் சிறிதளவு சேமித்துவைக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, துளையிட்ட சர்க்யூட் போர்டுத் துண்டு, பல இழைகள் கொண்ட வயர், ஒளி ஊடுருவும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஆகியவை போதும். வெள்ளை எல்.இ.டி.யின் மேல் சிவப்புத் தாள் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதியைச் சிவப்புத் தாள் விழுங்கிவிடும், சிவப்பு எல்.இ.டி.யோ தான் வீசும் ஒளி முழுவதையும் சிவப்பாகவே தருகிறது. ஆகவே சிவப்பையே வாங்குங்கள்.

ரெசிஸ்டரின் அளவு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், கையிலிருக்கும் வேறு செல்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். புதிய ஏஏ செல் ஒன்றுக்கு 1.5 வோல்ட் என்றால் மூன்றுக்கு 4.5 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 2.5 வோல்ட்டை 150 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால், அதன் வழியே ஓடுவது சுமார் 17 மில்லி ஆம்பியர், இவ்வகை எல்.இ.டி.க்கு வழக்கமாகச் சொல்லப்படும் 20 மில்லி ஆம்பியர் எல்லைக்குள் அது அடங்குகிறது. 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்களை மட்டுமே பயன்படுத்துபவர்கள் 82 ஓம் வைத்தால் ஏறத்தாழ அதே அளவு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் அந்த விளக்கில் பிறகு புதிய சாதாரண செல்களைப் போட்டால் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரை எட்டிவிடும் என்பதால், எந்த வகைச் செல் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது.

நான்கு எல்.இ.டி.க்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போதாதா என்று கேட்கலாம். ஒரே பாக்கெட்டில் வாங்கிய எல்.இ.டி.களுக்குள்ளேகூட வோல்ட்டேஜில் சிறு வேறுபாடு இருக்கும். குறைந்த வோல்ட்டேஜில் எரிவது தன் பங்கைவிட அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடாகி முதலில் கெட்டுப்போகும், பிறகு சுமை அடுத்ததன் தலையில் விழும். ஒவ்வொன்றையும் தனி ரெசிஸ்டரோடு சேர்த்து, செல் பெட்டியின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே தனித்தனியாக இணைத்தால், ஒன்று போனாலும் மற்ற மூன்றும் வழக்கம்போல் எரியும். பின்விளக்குக்கு இந்தக் குணம் மிக முக்கியம்.

எல்.இ.டி.யின் நீளமான கால் பாசிட்டிவ். கால்களை வெட்டிய பிறகு சந்தேகம் வந்தால், அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள். தட்டையாகச் சீவியிருக்கும் பக்கம் நெகட்டிவ். போர்டில் பொருத்தும்போது நான்கையும் ஒரே திசையில் நிறுத்தக் கூடாது. குமிழ் கண்ணாடிபோல் தெளிவாக உள்ள எல்.இ.டி.கள் பெரும்பாலும் குறுகிய கற்றையாகவே ஒளியை வீசும். நேர் பின்னால் கண் கூசும் அளவுக்குத் தெரிந்தாலும், இரண்டடி விலகி நின்றால் மங்கிவிடும். நடுவிலுள்ள இரண்டை நேர் பின்னோக்கியும், ஓரத்து இரண்டை இடப்பக்கமும் வலப்பக்கமும் 20 முதல் 30 டிகிரி வரை சாய்த்தும் வையுங்கள். வளைவிலும் சந்திப்பிலும் பக்கவாட்டிலிருந்து வருபவர் கண்ணில் படுவது இந்த ஓரத்து இரண்டும்தான்.

நான் முதலில் செய்த விளக்கு மேசைமேல் இரவு முழுவதும் எரிந்தது. கரடுமுரடான சாலையில் இரண்டே வாரத்தில் அணைந்துபோனது. திறந்து பார்த்தபோது வயரைப் போர்டில் பற்றவைத்த ஈயம் பளபளவென்று அப்படியே இருந்தது. வயர் அதிலிருந்து 2 மி.மீ. தள்ளி அறுந்திருந்தது. சால்டரிங் செய்யும்போது உருகிய ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி, அந்தப் பகுதியைக் கம்பிபோல் விறைப்பாக்கிவிடுகிறது. குலுங்கும்போதெல்லாம் விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் அந்த ஒரே புள்ளியில் வயர் மடங்கி மடங்கி, இழை இழையாக அறுகிறது. இதற்குத் தீர்வு எளிது. வயரைப் போர்டின் வெற்றுத் துளை ஒன்றின் வழியே கீழிருந்து மேலே இழுத்து, அடுத்த துளையில் பற்றவைத்தால், இழுவையைத் துளை தாங்கிக்கொள்ளும். பற்றவைத்த இடத்தின் மேல் சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு, வயரைப் போர்டோடு சேர்த்து ஒரு சொட்டுப் பசையால் அசையாமல் நிறுத்திவிடுங்கள்.

குலுக்கலுக்கு அடுத்த பலியாள் செல் பெட்டியின் ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கும் நொடியில் செல் ஸ்பிரிங்கை விட்டு எழும்பி, தொடர்பு அறுந்து சேரும். சுவிட்சுக்கு அடுத்தாற்போல் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை, அதன் முனைகளை மாற்றிவிடாமல், இணைத்தால் நூற்றில் ஒரு பங்கு நொடி அளவிலான இத்தகைய அறுபடல்களை அது நிரப்பிவிடும். செல்களுக்கும் மூடிக்கும் இடையே ஒரு ஸ்பான்ஜ் துண்டை அழுத்தி வைப்பது அதைவிடவும் பயன்தரும்; இரண்டையும் செய்துவிடுங்கள்.

டப்பாவின் மூடி ஓரத்தையும் வயர் நுழையும் துளையையும் சிலிகோன் பசையால் அடைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். காயும்போது வினிகர் வாடை வீசும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும்; மூடிய டப்பாவுக்குள் அது செம்பை அரித்துப் பச்சை பூக்க வைத்துவிடும். அந்த வாடை இல்லாத, மின்சாதனங்களுக்கு ஏற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு அடைத்தாலும் வெப்பநிலை மாறும்போது உள்ளே ஈரம் சேரத்தான் செய்யும் என்பதால், டப்பாவின் அடிப்பக்கத்தில் 2 மி.மீ. துளை ஒன்றைத் திறந்தே விட்டால், சேர்ந்த நீர் வடிந்துவிடும். செல்களை மாற்றப் பசையைப் பிய்க்க வேண்டியிராதபடி, செல் பெட்டியைத் திருகாணி மூடியுள்ள தனி டப்பாவில் வைப்பது வசதியானது.

நான்கு எல்.இ.டி.யும் சேர்ந்து சுமார் 67 மில்லி ஆம்பியர் எடுக்கும். 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள செல்கள் ஏறத்தாழ 30 மணி நேரம் தாங்கும். வோல்ட்டேஜ் இறங்க இறங்க வெளிச்சம் படிப்படியாக மங்கும், திடீரென்று அணையாது. இந்தச் சுற்றின் பெரிய நன்மையாக நான் கருதுவது இதைத்தான்.

மின்னும் விளக்கு வேண்டுமென்றால், என்.ஈ.555 சில்லுகொண்டு மின்ன வைக்கும் சுற்றையே பலரும் முதலில் நாடுகிறார்கள். அது இயங்கக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். நம் செல்கள் சற்று இறங்கியதுமே அது தடுமாறத் தொடங்கும். உள்ளேயே சில்லு பொதிந்த, தானே மின்னும் சிவப்பு எல்.இ.டி. ஒன்றை, அதற்குக் குறிப்பிட்டுள்ள வோல்ட்டேஜைப் பார்த்து, ஐந்தாவதாகச் சேர்ப்பது எளிது. மற்ற நான்கும் சீராகவே எரியட்டும். மின்னும் ஒளி கண்ணை இழுக்கும் என்பது உண்மையே என்றாலும், இருட்டில் அது மட்டுமே இருந்தால் சைக்கிள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பின்னால் வருபவரால் எளிதில் கணிக்க முடியாது. ஜெர்மனியில் சைக்கிளில் மின்னும் பின்விளக்குக்கு அனுமதி இல்லை. உங்கள் ஊர் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் இடம் சீட்டைத் தாங்கும் குழாயோ கேரியரின் பின்முனையோ ஆகலாம். பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி, அதன் மேல் கிளாம்பை இறுக்கினால் விளக்கு நழுவாது, அதிர்வும் குறையும். விளக்கின் ஒளி தரைக்கு இணையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். சட்டையின் பின்பக்கமோ கேரியரில் தொங்கும் பையோ அதை மறைக்கிறதா என்பதை, வேறொருவரைச் சீட்டில் உட்கார வைத்து, 50 அடி பின்னால் நின்று நேராகவும் இருபுறமும் விலகியும் பாருங்கள். பிறகு ஒரு குவளை நீரை மேலிருந்து ஊற்றி, கையால் பலமாகத் தட்டி, 10 நிமிடம் எரியவிடுங்கள். ஒருமுறை சிமிட்டினாலும் பிரித்து, எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். சைக்கிளோடு வந்த சிவப்பு ரிஃப்ளெக்டரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். செல் தீர்ந்துபோன இரவில், பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அது அங்கே இருக்க வேண்டும்.