சீனி நோயும் ரத்த அழுத்தமும்: குமரி வீட்டுச் சமையலை விடாமல் கட்டுக்குள் வைப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்துவிட்டால், மறுநாள் காலையிலேயே உறவினரும் அக்கம்பக்கத்தாரும் ஆளுக்கொரு ஆலோசனையோடு வந்துவிடுவார்கள். கிழங்கைத் தொடாதே என்பார் ஒருவர், சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறு என்பார் இன்னொருவர், கடையில் விற்கும் ஏதோ ஒரு மாவைக் கரைத்துக் குடி என்பார் மூன்றாமவர். அந்த ஆலோசனைகளின்படி இரண்டு வாரம் நடந்துவிட்டு, நாக்கும் வயிறும் ஒத்துழைக்காமல் பழைய சாப்பாட்டுக்கே திரும்புவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கப்போகும் நோய்க்கு, வாழ்நாள் முழுவதும் சாப்பிடக்கூடிய உணவே பொருந்தும். ஆகவே, அடுக்களையில் ஏற்கெனவே இருப்பவற்றின் அளவையும், சேர்மானத்தையும், உண்ணும் வரிசையையும் மாற்றுவது எப்படி என்பதையே இங்கே விளக்குகிறேன். மாத்திரைக்கு மாற்றாக இதைக் கொள்ளக்கூடாது. மாத்திரை தன் வேலையைச் செய்வதற்கு இது துணை நிற்கும்.

ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு வாரம் சாப்பிடுவது அனைத்தையும் நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். சோறும் குழம்பும் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். கட்டன்சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்), அதோடு கடிக்கும் பழம்பொரியும், பேரப்பிள்ளை மிச்சம் வைத்த பிஸ்கட்டும்தான் கணக்கில் வராமல் போகும். ஒரு நாளைக்கு நான்கு சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், அதுவே 30 கிராமைத் தாண்டிவிடும். சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது நோய் இல்லாதவருக்கும் சேர்த்து உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் கேடில்லை என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. கருப்பட்டியில் சில தாது உப்புகள் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ் என்பதால், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், நினைத்தபோதெல்லாம் விரலைக் குத்துவதை விட, ஒரு குறிப்பிட்ட உணவின் விளைவை அறிவதற்காகக் குத்துவது பயன்தரும். சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு முறையும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்த்து, இரண்டையும் அந்த உணவின் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். கர்ப்பிணி அல்லாத பெரும்பாலான பெரியவர்களுக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரையும், சாப்பிட்டபின் 180-க்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்கு. வயது முதிர்ந்தவர்களுக்கும் வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார். ரத்த அழுத்தத்தை, ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து ஓய்வெடுத்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை பார்க்க வேண்டும். சாயா குடித்த கையோடு பார்த்த எண்ணை நம்பக்கூடாது.

கிழங்கும் சோறும்

மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு, நம் மண்ணில் இவ்வளவு பரவியதற்குக் காரணம் பசி. இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா கிழங்குப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வராமல் நின்றதும், பல குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது கிழங்குதான். வயலிலும் தோப்பிலும் பகல் முழுவதும் உடல் உழைத்தவர்களுக்கு அது ஏற்ற உணவாகவும் இருந்தது. உழைப்பு குறைந்த பிறகும் தட்டின் அளவு குறையாமல் போனதுதான் இன்றைய தொல்லை; கிழங்கின் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

இருந்தாலும் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சைக் கிழங்கின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மாவுச்சத்து. புரதமோ 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவில்தான் இருக்கிறது. 200 கிராம் கிழங்கு ஏறத்தாழ ஒன்றரைக் கப் சோற்றுக்கு ஈடாகும். ஆகவே, கிழங்கு சாப்பிடும் நாளில் அது சோற்றின் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, சோற்றுக்கு முன்போ பின்போ பலகாரமாக வரக்கூடாது. தோலும் நடு நரம்பும் நீக்கிய துண்டுகளைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். கிழங்கிலுள்ள நச்சுத்தன்மை குறைவதற்காக நம் பாட்டிமார் கைக்கொண்ட முறை இது. அவசரத்துக்குக் குக்கரில் வைத்து இதைக் கைவிடுவது சரியல்ல. வெந்ததில் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு மட்டும் எடுத்துத் தட்டின் கால்பகுதியில் வையுங்கள். இன்னொரு கால்பகுதியில் குழம்பில் கிடந்த மூன்று நான்கு சாளை (மத்தி மீன்), மீதிப் பாதியில் பயத்தங்காய்த் துவரனும் (பொரியல்) வெள்ளரிக்காயும் என்று இருந்தால், அது சர்க்கரை நோயாளிக்கும் நல்ல சாப்பாடு.

காய்கறியையும் மீனையும் முதலில் பாதி முடித்துவிட்டுக் கடைசியில் கிழங்கையோ சோற்றையோ தொட்டால், சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தையே முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். அதற்கடுத்தபடி, சாப்பிட்டு எழுந்ததும் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்திலோ சாலையோரத்திலோ நடப்பது. தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன.

சம்பா அரிசி தவிடு முழுவதும் நீங்காதது. நார்ச்சத்து கூடுதலாக உள்ளது. வெள்ளை அரிசியை விட மேலானது. ஆனால் 'சம்பா அரிசிதானே' என்று மூன்று கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அந்த மேன்மை அங்கேயே முடிந்துவிடும். சமைத்த சோறு ஒரு வேளைக்கு ஒரு கப் என்பது பலருக்கும் தொடங்குவதற்கு ஏற்ற அளவு. இரவில் கஞ்சி குடிப்பவர்கள் குழைய வேகவைத்த கஞ்சியைத் தனியாகக் குடிக்காமல், தோல் நீக்காத சிறுபயற்றைச் சம அளவுக்குச் சேர்த்துக்கொண்டால் புரதமும் நாரும் கூடி, செரிமானம் நிதானப்படும். அவியலைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அதில் சேனையும் ஏத்தங்காயும் (நேந்திரங்காய்) மிகுந்திருந்தால், அது காய்கறிப் பாதியில் சேராது, சோற்றுக் கணக்கில்தான் சேரும். பழங்களில், நன்கு கனிந்த பெரிய ஏத்தன்பழம் ஒன்று கிட்டத்தட்ட ஒரு கப் சோற்றுக்குச் சமம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் சிறியதாக இருப்பது வசதிதான். ஒன்றோடு நிறுத்தினால்தான் அந்த வசதி பலிக்கும்.

மீன், தேங்காய், உப்பு

உணவில் குமரி மாவட்டத்துக்கு வாய்த்த பெரிய பேறு மலிவான மீன். சாளை, அயிலை, நெத்திலி ஆகியவற்றில் இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் சிறு மீனில் கால்சியமும் கிடைக்கும். குழம்பாகவோ வாழையிலையில் பொதிந்து சுட்டோ சாப்பிட்டால் முழுப் பயனும் உண்டு. எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனோடு எண்ணெயையும் தின்கிறோம். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்கள் மட்டும் சாளையையும் நெத்திலியையும் மருத்துவரிடம் கேட்டே அளவிட வேண்டும். விசைப்படகுத் தடைக்காலம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் நீள்வதால், இரு கடலையும் தொட்டு நிற்கும் நம் மாவட்டத்தில் அந்த மாதங்களில் மீன் விலை ஏறும். வீடுகளில் கருவாட்டுப் பானை திறக்கும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது ஆகாத காலம். அப்போது முட்டை, கொண்டைக்கடலை, சிறுபயறு, காணம் (கொள்ளு) ஆகியவற்றைப் புரதத்துக்கு நம்பிக்கொண்டு, கருவாட்டை ஊறவைத்துக் கழுவி எப்போதாவது வாசத்துக்கு மட்டும் சேர்க்கலாம்.

தேங்காய் விஷயத்தில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் நிறைவுற்றது. அது கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை உயர்த்தும் என்பதில் ஐயமில்லை. அதற்காகக் குழம்பில் அரைத்துவிடும் தேங்காயை ஒழித்துவிட்டால் அது குமரிக் குழம்பாக இருக்காது, யாரும் தொடர்ந்து சாப்பிடவும் மாட்டார்கள். குழம்புக்கு அரைத்த நாளில் துவரனுக்குத் துருவாமல் இருப்பது, தாளிக்க மட்டும் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ பயன்படுத்துவது, எல்லா எண்ணெயும் சேர்த்து ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிறுத்துவது ஆகியவை நடக்கக்கூடிய ஏற்பாடுகள்.

உப்புக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 30 நாளைக்கு 600 கிராம். ஊறுகாய், பப்படம், கடைப் பலகாரம் வழியாக வருவதற்கு 200 கிராமை ஒதுக்கிவிட்டு, மாதத்தின் முதல் நாளில் 400 கிராம் உப்பை ஒரு தனிப் போத்தலில் போட்டு, அதிலிருந்து மட்டும் சமையுங்கள். எந்தத் தேதியில் போத்தல் காலியாகிறது என்பதே உங்கள் வீட்டின் நிலையைச் சொல்லிவிடும். பத்தொன்பதாம் தேதியே தீர்ந்துபோனால், அடுத்த மாதம் அதை இருபத்து மூன்றுக்குத் தள்ளினால் போதும். மெல்லக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். புளியும், நல்லமிளகும், பச்சைமிளகாயும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புகளில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் அதை மருத்துவரைக் கேளாமல் வாங்கக்கூடாது. அவர்களுக்கு இளநீரும் அதே காரணத்தால் ஆபத்தாகலாம்.

மருந்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

உணவைக் குறைக்கும்போது மாத்திரையின் அளவு பழையபடியே இருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். குறிப்பாக கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் உண்டு. குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் போகிறவர்கள், மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் கட்டன்சாயாவோடு இறங்கிவிட்டு, பால் எடுத்து முடித்து ஒன்பது பத்து மணிக்குத்தான் காலைச் சாப்பாட்டைத் தொடுவார்கள். இவர்கள் தங்கள் வேலை நேரத்தை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லி, மாத்திரை நேரத்தை அதற்கேற்ப மாற்றிக் கேட்க வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால், அல்லது மீட்டரில் 70-க்குக் கீழ் காட்டினால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் மீண்டும் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

நாட்டு மருந்தில் பற்றுள்ள மாவட்டம் இது; கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தகுதி பெற்ற வைத்தியரிடம் போவதில் தவறில்லை. ஆனால் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பொடியையும் லேகியத்தையும் வாங்கி, இரு மருத்துவரிடமும் சொல்லாமல் உண்பது சிறுநீரகத்தோடு விளையாடுவதாகும். நம் வீட்டு முற்றத்தில் காய்க்கும் புளிப்புக் காயான பிலிம்பியைக் கொழுப்புக் குறைய வேண்டிப் பச்சையாகப் பிழிந்து கோப்பை கோப்பையாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த நிகழ்வுகள் கேரளத்தில் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலமே காரணம். மீன்குழம்பில் நாலைந்து காய் போடுவது வேறு, சாறாகக் குடிப்பது வேறு. வெந்தயம் அவ்வளவு ஆபத்தானதல்ல. ஊறவைத்த ஒரு தேக்கரண்டி வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை ஏறுவதைச் சற்று மட்டுப்படுத்தும். அதுவும் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பலருக்கும் இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழ். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரையையும், சிறுநீரகத்தின் நிலையை அறியச் சிறுநீரில் ஆல்புமினையும் ரத்தத்தில் கிரியேட்டினினையும், கால் உணர்ச்சியையும் சோதிக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்கள், குறிப்பாக மீனும் முட்டையும் உண்ணாதவர்கள், வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால், பல மாதங்கள் மருத்துவரைப் பார்க்காமலேயே கழித்துவிடும் பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போகும்போது, முதல் வாரம் எழுதத் தொடங்கிய அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு ஏறியது என்பது அதில் இருந்தால், மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா, எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று மருத்துவர் அதைப் பார்த்தே முடிவுசெய்ய முடியும்.