வால் அடியில் ஒரு கரும்புள்ளி: என் ராஸ் ஜோடி சேர்ந்த கதை

ஆண்-பெண் ஜோடி என்று நம்பி என் கடல்நீர்த் தொட்டிக்கு வாங்கிய இரண்டு ஃபேரி ராஸ் (fairy wrasse) மீன்களில் பெரியது சின்னதை விடாமல் துரத்தியது. சின்னது பாறை இடுக்கிலேயே கிடந்தது, துடுப்பு ஓரம் கிழிந்திருந்தது. தண்ணீரில் நைட்ரேட் (மீன் கழிவால் சேர்வது), உப்பு அளவு இரண்டும் சரி. பாறைகளை மாற்றி அடுக்கினேன், ஒரு நாள் அமைதி, அவ்வளவுதான். கவனத்தைத் திருப்பக் கண்ணாடி காட்டினேன், பெரியது அதையும் மிரட்டிவிட்டு, திரும்ப வந்து துரத்தியது.

அப்புறம்தான் பக்கவாட்டில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த வகையில் பல இனங்களின் பெண்ணுக்கும் குஞ்சுக்கும் வால் தொடங்கும் இடத்தில், மேல்புறம் சின்னக் கரும்புள்ளி இருக்கும். ஃபேரி ராஸ் பெண்ணாக வளர்ந்து, பிறகு ஆணாக மாறக்கூடிய மீன். மாறும்போது புள்ளி மங்கும். என் சின்னதில் நிழல் மாதிரிதான் மிச்சம். மங்கலான உடல் நிறத்தை நம்பிப் பெண் என்று நினைத்தது தவறு; அது ஆணாக மாறிக்கொண்டிருந்தது.

அதை வேறு தொட்டிக்கு மாற்றினேன். புள்ளி தெளிவாக உள்ள, அளவில் சிறிய பெண்ணை வாங்கி, பெரிய ஆணைத் தொட்டிக்குள்ளேயே துளைப் பெட்டியில் அடைத்துவிட்டு, பெண்ணை முதலில் தொட்டியில் விட்டேன். 5 நாள் கழித்துத் திறந்தேன். ஆண் துடுப்பை விரித்து நிறம் காட்டியது, கடிக்கவில்லை. நிம்மதி. தொட்டிமேல் வலை மட்டும் அப்படியே இருக்கிறது; ராஸ் குதிக்கும்.