ஊர் ஷட்டில் கோர்ட்டில் வாரப் போட்டி நடத்துவது எப்படி? குமரி மாவட்ட நண்பர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

களியக்காவிளையில் இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் சாயங்காலம் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். தென்னந்தோப்பு ஓரம், சர்ச் வளாகம், பள்ளிக்கூட மைதானம் என்று எங்கேயாவது இரண்டு கம்பம் நட்டு, நெட் கட்டி, லைட் போட்டு ஷட்டில் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பல கோர்ட்டுகளில் சில மாதத்தில் புல் முளைத்துவிடுகிறது. நன்றாக ஆடும் நாலு பேர் தங்களுக்குள்ளேயே ஆடுகிறார்கள். மற்றவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் அந்த நாலு பேரில் ஒருவர் வெளிநாடு போனால் ஆட்டமே நின்றுபோகும்.

இதற்கு வாரப் போட்டியைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து கிடையாது. அதுவும், இருப்பதிலேயே சுமாராக ஆடுகிறவருக்கும் அடுத்த வாரம் வர ஒரு காரணம் இருக்கிற போட்டியாக அது இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நாம் கோல்ஃப் கிளப்புகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பக்கத்தில் திருவனந்தபுரம் கவடியாரில் 9 குழி கொண்ட பழைய கோல்ஃப் மைதானம் இருக்கிறதே, அந்த மாதிரி இடங்களில் கை தேர்ந்தவரும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே போட்டியில் சமமாக மோதுகிறார்கள். அது எப்படி முடிகிறது, அதை நம் கோர்ட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: நாளும் நேரமும்

நம் மாவட்டத்தில் இதுதான் சிக்கலான வேலை. ஞாயிறு காலை என்றால் பாதிப் பேருக்குப் பூசையும் ஆராதனையும் இருக்கும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், அதனால் ராத்திரி வெகுநேரம் நிற்க முடியாது. கடைக்காரர்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம் நகர முடியாது. எல்லோருக்கும் ஒத்துவருகிற நேரம் என்று ஒன்று கிடைக்காது. உறுப்பினர்களிடம் கேட்டு, அதிகம் பேருக்கு ஒத்துவருகிற ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். ஞாயிறு சாயங்காலம் 4 முதல் 6 வரை பல ஊர்களுக்குச் சரிப்படும். முடிவு செய்த பிறகு அதை மாற்றவே கூடாது. இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றாலும் நெட் கட்டுங்கள்.

வெளிக் கோர்ட்டாக இருந்தால் காற்றையும் மழையையும் யோசிக்க வேண்டும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் அடிக்கிற காற்றில் காக் (ஷட்டில் பந்து) எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நிறுத்தியதற்குக் காரணமே கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுதான். மழையோ நமக்கு இரண்டு பருவமும் உண்டு, ஜூனிலும் பெய்யும், அக்டோபர் நவம்பரிலும் பெய்யும். அந்த மாதங்களில் உள்ளரங்கக் கோர்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். முடியாவிட்டால் சீசனையே டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கோர்ட்டைச் சரிபார்த்தல்

சும்மா ஆடும்போது கோடு கொஞ்சம் கோணலாக இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. போட்டி என்று வந்ததும் அதுதான் முதல் சண்டை. அளவெல்லாம் அடிக் கணக்கில் அழகாக வரும். நீளம் 44 அடி, அகலம் இரட்டையர் ஆட்டத்துக்கு 20 அடி. மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே டேப் பிடியுங்கள். 48 அடி 4 அங்குலம் வர வேண்டும். இரண்டு குறுக்கும் ஒன்றாக வந்தால் கோர்ட் சரி. முன் சர்வீஸ் கோடு நெட்டில் இருந்து ஆறரை அடி.

நெட்டின் உயரம் நடுவில் சரியாக 5 அடி, கம்பத்தருகே 5 அடி 1 அங்குலம். இதற்கு ஒரு கம்பை 5 அடிக்கு வெட்டி, கோர்ட்டிலேயே ஒரு மூலையில் சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் தொடங்கும் முன் யாராவது ஒருவர் அந்தக் கம்பை நெட்டின் நடுவில் நிறுத்திப் பார்க்கட்டும். கயிறு தொய்ந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். இந்த வேலையை ஒரு சின்னப் பையனிடம் ஒப்படைத்தால் அவன் ஒரு வாரமும் தவறாமல் வருவான்.

மூன்றாம் படி: காக்

இறகுக் காக் நன்றாக ஆடும், ஆனால் சீக்கிரம் உடையும். வாரப் போட்டிக்கு நைலான் போதும். நைலான் காக்கின் தலைப்பகுதியில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். பச்சை என்றால் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் வெயில் ஊரில் காக் கூடுதல் தூரம் பறக்கும். நமக்குப் பச்சையில் இருந்து தொடங்குவது நல்லது.

காக்கின் வேகம் சரிதானா என்று பார்க்க விதியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. பின் எல்லைக் கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் நேராக அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பின் கோட்டுக்கு முன்னால், அதில் இருந்து 53 முதல் 99 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் அது சரியான வேகம். அந்த அளவுக்குள் விழாவிட்டால் வேறு வேகத்துக்கு மாறுங்கள்.

நான்காம் படி: சலுகைப் புள்ளி

முழுச் செய்முறையின் உயிரும் இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கோல்ஃபில் ஒவ்வொருவருக்கும் ஹேண்டிகேப் என்று ஓர் எண் உண்டு. உலகம் முழுவதற்கும் ஒரே முறையை 2020-இல் கொண்டுவந்தார்கள். அதில் அந்த எண் அதிகபட்சம் 54 வரை போகலாம். கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ எடுத்துச் சராசரி பார்த்து அதைக் கணக்கிடுகிறார்கள். கோல்ஃபில் பந்தைக் குறைந்த தடவை அடித்து முடிப்பவர்தான் ஜெயிப்பார். அந்த எண்ணுக்கு ஏற்றபடி, அடித்த தடவைகளில் இருந்து கழித்துக்கொள்வதால், 60 வயது தாத்தாவும் 25 வயதுப் பேரனும் ஒரே பரிசுக்கு ஆட முடிகிறது.

நமக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். உங்கள் கோர்ட்டில் நன்றாக ஆடுகிறவருக்கு 0, புதிதாக வருகிறவருக்கு 6, மற்றவர்களுக்கு இடையில் ஓர் எண் என்று கொடுங்கள். தொடக்கத்தில் இதை மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அதில் ஒருவராவது சுமாராக ஆடுகிறவராக இருக்க வேண்டும், ஏனென்றால் எதிரே நின்று அடி வாங்கியவருக்குத்தான் யார் எவ்வளவு பலம் என்று சரியாகத் தெரியும்.

ஆட்டம் இரட்டையர். ஒரு ஜோடியின் இரண்டு எண்களையும் கூட்டுங்கள். எதிர் ஜோடிக்கும் கூட்டுங்கள். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு புள்ளியைப் பெரிய எண் உள்ள ஜோடிக்கு முதலிலேயே கொடுத்துவிடுங்கள். ஓர் உதாரணம். அ-வுக்கு 0, ஆ-வுக்கு 5, சேர்த்தால் 5. எதிரே இ-க்கு 3, ஈ-க்கு 6, சேர்த்தால் 9. வித்தியாசம் 4. ஆகவே இ, ஈ ஜோடிக்கு 4, அ, ஆ ஜோடிக்கு 0 என்று எழுதி ஆட்டத்தைத் தொடங்குங்கள். 21-க்கு ஒரே கேம். 20-20 ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும், 29-29 ஆனால் 30-ஐ முதலில் தொடுகிறவர் வெற்றி. வித்தியாசம் எவ்வளவு வந்தாலும் 8-க்கு மேல் கொடுக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் பலசாலி ஜோடிக்கு ஆட்டமே கசந்துவிடும்.

இங்கே தொடக்கக்காரர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. சர்வீஸ் போடும் பக்கத்தின் புள்ளி இரட்டைப்படை என்றால் வலப்பக்கத்தில் இருந்தும், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கத்தில் இருந்தும் போட வேண்டும் அல்லவா? சலுகையாக 3 அல்லது 5 வாங்கிய ஜோடி முதல் சர்வீஸ் போட்டால், இடப்பக்கத்தில் இருந்தே தொடங்க வேண்டும்.

எண்ணை வாராவாரம் திருத்துங்கள். அன்றைக்கு முதலிடம் வந்தவருக்கு 1 குறையும். தொடர்ந்து இரண்டு வாரம் ஓர் ஆட்டமும் ஜெயிக்காதவருக்கு 1 கூடும். 6 என்ற எல்லை தொடக்கத்துக்கு மட்டும்தான், கூட்டும்போது தாண்டலாம். சில வாரங்களில் யார் எண்ணையும் விவாதிக்க வேண்டிய தேவையே இருக்காது.

ஐந்தாம் படி: யார் யாரோடு

நிரந்தர ஜோடி வேண்டாம். நாலு பேருக்கு மூன்று ஆட்டம்: அ-ஆ எதிர் இ-ஈ, அ-இ எதிர் ஆ-ஈ, அ-ஈ எதிர் ஆ-இ. எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஜோடி சேர்ந்துவிடுவார்கள். 8 பேர் வந்தால் சீட்டுக் குலுக்கி, நாலு பேர் கொண்ட இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிடம் வைத்தால் ஒரே கோர்ட்டில் 6 ஆட்டமும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

5 பேர் வந்தால் பலரும் திணறுவார்கள். ஆட்களை 1 முதல் 5 வரை வரிசைப்படுத்திக்கொண்டு, இந்த அட்டவணையை ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவையுங்கள்: 2-5 எதிர் 3-4, 1-3 எதிர் 4-5, 2-4 எதிர் 1-5, 3-5 எதிர் 1-2, 1-4 எதிர் 2-3. ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஆட்டம் உட்காருவார்கள், 4 ஆட்டம் ஆடுவார்கள். 6, 7 பேர் என்றாலும் ஆளுக்கு 4 ஆட்டம் வருகிற மாதிரி மாற்றி மாற்றி இறக்குங்கள். 4 ஆட்டம் ஆடியவர்களுக்கு அதில் நல்ல மூன்றை மட்டும் கணக்கில் எடுத்தால் எல்லோருக்கும் சமம்.

ஆறாம் படி: புள்ளிப் பட்டியல்

வெற்றிக்கு 2. தோற்றாலும் 15 புள்ளியைத் தொட்டுவிட்டால் 1. அதற்கும் கீழே என்றால் 0. இந்த நடு எண்ணை விட்டுவிடாதீர்கள். 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் கோல்ஃபுக்கு ஒரு புள்ளி முறை கொண்டுவந்தார். ஒரு குழியில் எவ்வளவு சொதப்பினாலும் அந்தக் குழிக்கு 0 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம், மொத்த நாளும் பாழாகாது. நம் கோர்ட்டிலும் அப்படித்தான், 8-18 என்று பின்தங்கிய ஜோடி 15-ஐத் தொட உயிரைக் கொடுத்து ஆடும்போது ஓரத்தில் நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

சீசன் 12 வாரம். ஒவ்வொருவருக்கும் சிறந்த 8 வாரம் மட்டும் கணக்கு. கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம், மண்டைக்காடு கொடை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று நம் ஆட்களுக்கு வர முடியாத வாரங்கள் கட்டாயம் இருக்கும். தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்து அண்ணன்மார் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 4 வாரம் விட்டுப்போனாலும் பட்டியலில் இருக்கலாம் என்றால்தான் அவர்கள் மறுபடியும் பேட் எடுப்பார்கள்.

ஏழாம் படி: தகராறு இல்லாமல் ஆடுவது

நடுவர் வேண்டாம். உங்கள் பக்கத்தில் காக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று நீங்களே சொல்லுங்கள், சந்தேகம் என்றால் எதிராளிக்குக் கொடுங்கள். ஸ்கோர் சீட்டை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுதட்டும். முடிந்ததும் இரண்டு ஜோடியும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், கோல்ஃபில் ஒருவர் அட்டையை இன்னொருவர் குறித்துக் கையொப்பம் வாங்குவது போல. சர்வீஸ் அடிக்கும்போது காக் தரையில் இருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. நமக்கு இடுப்புக்குக் கீழே என்று வைத்துக்கொண்டால் போதும்.

எட்டாம் படி: பணம்

காக், கரண்ட், வாடகை இருந்தால் அது. மூன்றையும் கூட்டி ஆள் எண்ணிக்கையால் வகுத்து மாதா மாதம் வாங்குங்கள், மாணவர்களுக்குப் பாதி. கணக்கு நோட்டின் பக்கத்தை மாதக் கடைசியில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பணப் பரிசு வைக்காதீர்கள், பந்தய வாசனை வந்தால் பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். வார வெற்றியாளருக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம், சீசன் வெற்றியாளருக்கு ஒரு குலை. அதை அங்கேயே எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டு முடிப்பதுதான் வழக்கமாக வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள்

இதை ஒரு படியாகக்கூட எண்ண வேண்டாம், எப்போதும் மனதில் இருக்கட்டும். புதியவர் வந்த அன்று அவரை ஓரத்தில் நிற்க விடாதீர்கள். முதல் ஆட்டத்தில் உங்கள் கோர்ட்டிலேயே நல்ல ஆட்டக்காரர் அவரோடு ஜோடி சேரட்டும். காக்கைத் தவறவிட்டால், "பரவாயில்ல மக்கா, அடுத்தத எடு" என்று ஒரு வார்த்தை. பெண்கள் வருகிற நேரத்தில் அக்காமார் இரண்டு மூன்று பேராவது ஒன்றாக இருக்கும்படி அட்டவணை போடுங்கள். முட்டி வலியால் ஆட முடியாத பெரியவர்களிடம் ஸ்கோர் நோட்டைக் கொடுங்கள். யார் எந்த வாரம் எத்தனை புள்ளி எடுத்தார் என்று அவர்கள்தான் கடைசி வரை நினைவில் வைத்திருப்பார்கள்.

12-ஆம் வாரம் முடிந்து முதலிடத்தில் இரண்டு பேர் சமமாக நின்றால், அந்த இருவரும் தங்கள் சலுகைப் புள்ளி வித்தியாசத்தில் பாதியை வைத்து 11-க்கு ஓர் ஒற்றையர் கேம் ஆடட்டும். பாதி அரையாக வந்தால் அந்த அரையை விட்டுவிடுங்கள். குலையை வெட்டுவதற்கு முன்பே அடுத்த சீசனின் முதல் ஞாயிறு எந்தத் தேதி என்று நோட்டில் எழுதி, வந்திருப்பவர்களிடம் பெயர் வாங்கிவிடுங்கள்.