ஒரு பிடி தட்டு சொல்லும் பொய்: உலர்தீவனப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வக முடிவில் இருக்கும் எண், நாம் அனுப்பிய கால் கிலோ தீவனத்துக்கானது. போரில் கிடக்கும் இரண்டு டன்னுக்கும் அது பொருந்துமா என்பது அந்தக் கால் கிலோவை எடுத்த விதத்தைப் பொறுத்தது. சோளத்தட்டு, கடலைக்கொடி, காயவைத்த குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) எதுவானாலும் முதல் கோளாறு இங்கேதான்.

போரின் ஓரத்தில் கைவிட்டு ஒரு பிடி உருவி, மளிகைக் கவரில் போட்டு அனுப்புவது பெரிய தவறு. குதிரை மசாலை உருவினால் இலையெல்லாம் பொடிந்து கீழே கொட்டிவிடும். கையில் வருவது தண்டு. அந்தச் செடியின் புரதத்தில் பெரும்பங்கு இலையில்தான் இருக்கிறது. எனவே நல்ல தீவனத்துக்கும் முடிவு மட்டமாக வரும். அதை நம்பிப் புண்ணாக்கைக் கூட்டி வைத்துக் காசைக் கரைப்போம்.

ஒரே வயல், ஒரே அறுப்பு என்றால்தான் ஒரு மாதிரி. முதல் அறுப்பையும் இரண்டாம் அறுப்பையும் கலந்தால் வரும் எண் எதற்கும் உதவாது. இறுக்கிக் கட்டிய பேல் என்றால், முனை கூரான முக்கால் அங்குல எஃகுக் குழாயைக் கட்டின் குறுகிய முகத்தின் நடுவில் 12 முதல் 18 அங்குலம் வரை செலுத்தி எடுக்க வேண்டும். இப்படி 20 கட்டுகளிலிருந்து. தட்டுப்போர் என்றால் மேல், நடு, அடி என்று 20 இடங்களில் உள்ளிருந்து ஒவ்வொரு முழுத்தட்டாக உருவி, தோகையோடு இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகங்களை ஒதுக்கிவிடுங்கள். மீதியை மறுபடி கலந்து பிரியுங்கள். கால் கிலோ வரும்வரை இதுதான் வேலை. வைத்துக்கொள்ளும் பாகத்தின் அடியில் தங்கும் தூளையும் கூட்டி அள்ளிச் சேர்க்க வேண்டும். அது தூசியில்லை, இலை. கெட்டியான ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, பயிர், ரகம், அறுத்த தேதி, காயும்போது மழை பட்டதா என்பதையும் எழுதி ஒட்டுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவன ஆய்வகம் இருக்கிறது.

அதற்கும் முந்திய தவறு, ஈரம் பார்க்காமல் போர் போடுவது. இலை சருகானதும் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். தண்டின் கணுவுக்குள் ஈரம் இருக்கும். நகத்தால் தண்டைச் சுரண்டுங்கள். தோல் உரிந்து வந்தால் இன்னும் வெயில் வேண்டும். அடுத்த சோதனை உப்பு: நன்றாக வறுத்து ஆறிய உப்பு ஒரு மேசைக்கரண்டி, உலர்ந்த கண்ணாடி ஜாரில் பாதியளவு நறுக்கிய தீவனம், மூடி இரண்டு நிமிடம் குலுக்கல். உப்பு கட்டி தட்டினாலோ கண்ணாடியில் ஒட்டினாலோ ஈரம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மேல். அடுக்காதீர்கள். குறுவை வைக்கோல் மழை மாதத்தில் வருவதால் அதற்கு இந்தச் சோதனை கட்டாயம்.

20 சதவீதம் தாண்டிய ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், போரும் உள்ளே சூடேறும். ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகிக் கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடென்றால் போர் தீப்பிடிக்கும் பாதையில் இருக்கிறது; தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டே பிரிக்க வேண்டும், ஏனென்றால் காற்றுப் பட்டதும் பற்றக்கூடும். தீப்பிடிக்காமல் தப்பிய தீவனம் பழுப்பேறி வெல்லப்பாகு வாசம் அடிக்கும். மாடும் ஆசையாகத் தின்னும். ஆனால் சூட்டில் புரதம் சர்க்கரையோடும் நாரோடும் பிணைந்து செரிக்காமல் சாணியில் போய்விடும். ஆய்வக முடிவிலோ புரதம் குறையாமல் தெரியும், காரணம் அங்கே அளப்பது நைட்ரஜனை, அதை 6.25-ஆல் பெருக்கினால் வருவதுதான் 'கச்சாப் புரதம்'. யூரியா ஊட்டிய வைக்கோலில் புரதம் ஏறித் தெரிவதும் இதனால்தான்.

முடிவைப் படிக்கும்போது, எண் உலர் பொருள் (ஈரத்தைக் கழித்த எடை) கணக்கிலா, ஈரத்தோடு இருந்தபடியே உள்ள கணக்கிலா என்று முதலில் பாருங்கள். உலர் பொருள் கணக்கில் 7 சதவீதப் புரதம் என்றால், 15 சதவீத ஈரமுள்ள தட்டை எடை போட்டு வைக்கும்போது அது சுமார் 6 தான். எல்லோரும் புரதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கிறார்கள். என்.டி.எஃப். (நியூட்ரல் டிடர்ஜென்ட் ஃபைபர்) என்ற நார் அளவுதான் மாடு எவ்வளவு தின்னும் என்பதைச் சொல்கிறது. 120-ஐ அந்த எண்ணால் வகுத்தால், உடல் எடையில் எத்தனை சதவீதம் உலர் பொருள் தின்னும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 400 கிலோ பசுவுக்கு என்.டி.எஃப். 60 என்றால் 8 கிலோ; 70 என்றால் ஏழு கிலோகூட இறங்காது. கதிர் முற்றித் தண்டு கட்டையாகும்வரை அறுக்காமல் விடுவதன் விலை இது. தீவனச் சோளத்துக்குப் பாதிப் பூ விட்ட பருவமும், குதிரை மசாலுக்குப் பத்தில் ஒன்று பூத்த பருவமும் சரியானவை.

வறட்சியில் குட்டையாக நின்ற சோளம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: காய்ந்தால் விஷம் போய்விடும் என்று. நன்கு காயவைத்தால் சயனைடு விஷம் பெருமளவு குறையும் என்பது உண்மை. ஆனால் இன்னொரு விஷமான நைட்ரேட் அப்படியே நிற்கும். யூரியா அதிகம் போட்ட வயலில், வாடி நின்ற பயிரின் அடித்தண்டில் அது மிகுதி. ஆகவே அரையடிக்கு மேல் அடித்தாள் விட்டு அறுத்து, மாதிரி அனுப்பும் தாளில் 'நைட்ரேட் பார்க்கவும்' என்று தனியாக எழுதிக் கேளுங்கள். வழக்கமான புரதம், நார்ப் பரிசோதனையில் அது வராது.