ஆதார் கைரேகையைப் பூட்டுவது எப்படி? ரேஷன் கடைக்குப் போகும்போது திறப்பது எப்படி?

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் சொல்கின்றன, நல்லதுதான். ஆனால் ஓடிபியே இல்லாமல் பணம் எடுக்கிற வழி ஒன்று இருக்கிறது. வங்கி முகவர் வைத்திருக்கும் கையடக்க இயந்திரமான மைக்ரோ ஏடிஎம்மில் ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் கொடுத்து விரலை வைத்தால், ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். கார்டு, பின் நம்பர் எதுவும் வேண்டாம். பக்கத்தில் கிளை இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருக்கும் கைரேகையை நகலெடுத்துப் போலி ரேகை தயாரித்து, அடுத்தவர் கணக்கைத் துடைத்த கும்பல்களும் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. நிலம் வாங்கி விற்ற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களின் ஆதார் கைரேகையை இன்றைக்கே பூட்டிவிடுங்கள்.

ஆதாரை வழங்கும் யுஐடிஏஐ ஆணையத்தின் மைஆதார் தளத்துக்குப் போங்கள். கூகுளில் முதலில் வருவதைத் தொடாமல் முகவரியை நீங்களே தட்டுங்கள், அது யுஐடிஏஐ டாட் ஜிஓவி டாட் இன் என்று முடிய வேண்டும். ஆதாரில் பதிந்த மொபைலுக்கு ஓடிபி வரும். எண் பதியவில்லை என்றால் முதலில் ஆதார் சேவை மையத்துக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். உள்ளே போனதும் 'லாக் அன்லாக் பயோமெட்ரிக்ஸ்' என்பதைத் திறந்து, ஒப்புதல் கட்டத்தில் டிக் அடித்து, நெக்ஸ்ட் கொடுங்கள். அவ்வளவுதான். எஸ்எம்எஸ் வழியாகவும் செய்யலாம், ஆனால் பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பார்க்க முடிவதால் நான் தளத்தைத்தான் சொல்வேன்.

'லாக் அன்லாக் ஆதார்' என்று இன்னொன்றும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது ஆதார் எண்ணையே பூட்டிவிடும், பிறகு எங்கே போனாலும் ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தரும் 16 இலக்க மாற்று எண்ணான விஐடியைக் கேட்பார்கள்.

இப்போது முக்கியமான இடம். பூட்டினால் கைரேகை, கருவிழி, முகம் மூன்றும் எல்லா இடத்திலும் பூட்டிக்கொள்ளும். அம்மாவுக்குப் பூட்டிய பிறகு ரேஷன் கடை இயந்திரம் விரலை ஏற்கவே இல்லை, விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்கள், வரிசை நீண்டுகொண்டே போனது. திரையில் 330 என்ற பிழை எண் வந்தால் விரலில் கோளாறு இல்லை, பூட்டு இருக்கிறது என்று அர்த்தம். மைஆதார் தளத்தில் பூட்டிய அதே பக்கத்தில் தற்காலிகமாகத் திறக்கும் வசதி உண்டு. திறந்தால் 10 நிமிடம்தான், தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். அதனால் வீட்டிலேயே திறந்துவிட்டுக் கிளம்பாதீர்கள், உங்கள் முறை வரும்போது திறங்கள். ஓடிபி வரும் போன் மகனிடம் வெளியூரில் இருந்தால் அவரை அழைப்பில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குடும்ப அட்டையில் பெயர் உள்ள வேறு ஒருவர் போகட்டும்.

பின்சேர்க்கை: ஓய்வூதியர்களைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஜீவன் பிரமாண் வாழ்வுச் சான்றுக்கும் இதே கதைதான், முகத்தைக் காட்டிச் செய்தாலும் முதலில் திறந்தாக வேண்டும்.

அப்புறம், ஜெராக்ஸ் கடைக்கும் லாட்ஜுக்கும் முழு ஆதாரை வாட்ஸப்பில் அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதே தளத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கிடைக்கும். ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற 6 மாத வரலாறும் அங்கேயே இருக்கிறது, அவ்வப்போது பாருங்கள்.

நீங்கள் எடுக்காத பணம் போனதாகச் செய்தி வந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தவறு உங்கள் பக்கமும் வங்கி பக்கமும் இல்லாமல் வெளியாளால் நடந்திருந்து, செய்தி வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதி சொல்கிறது. கிளையில் நாளை வாருங்கள் என்று அனுப்பினால் திரும்பி வராதீர்கள், மின்னஞ்சலிலாவது அன்றே புகாரைப் பதிந்துவிடுங்கள்.